இரும்புக் கை தந்த நாவிதர்

கை இல்லாதவனுக்குக் கை வலிக்குமா?

வலிக்கும். வெட்டி எடுத்துவிட்ட காலில் உள்ளங்கால் அரிக்கும். என்றைக்கோ போய்விட்ட விரல்கள் மடங்கிக்கொண்டு, நிமிர மாட்டோம் என்று அடம்பிடிக்கும். சொன்னால் நம்புவது கஷ்டம். ஆனால் கையையோ காலையோ இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த அனுபவம் உண்டு.

450 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வைத்தியரிடம் நோயாளிகள் இப்படி முறையிட்டார்கள். இவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் ஒதுக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டார். கேட்டதை எழுதி வைத்தார். போன கைக்குப் பதிலாக இரும்பில் ஒரு கை மாட்டலாம் என்று படம் போட்டுக் காட்டினார்.

அவர் பெயர் அம்புருவாஸ் பாரே. பிரஞ்சு நாட்டுக்காரர். நாவிதராகத் தொழில் தொடங்கி, நான்கு ராஜாக்களுக்கு ரண வைத்தியராக உயர்ந்தவர்.

இன்று கால் விளங்காதவர்கள் எந்திரச் சட்டத்தை இடுப்பிலும் காலிலும் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள், நடக்கவும் செய்கிறார்கள். உடம்போடு எந்திரம் எப்படி ஒத்துப்போகும், எந்திரத்தோடு மனது எப்படி ஒத்துப்போகும் என்பது விஞ்ஞானிகளுக்குப் பெரிய கேள்வியாக இருக்கிறது. அதே கேள்வியோடு அன்று மல்லுக்கட்டியவர் பாரே. அவரிடம் மோட்டார் கிடையாது. மின்சாரம் கிடையாது. இரும்பும் தோலும் மெத்தைப் பஞ்சும்தான் இருந்தன.

சவரக் கத்தி

1510-ம் ஆண்டு வாக்கில் பாரே பிறந்தார். பிரான்சின் மேற்குப் பகுதியில் உள்ள லவால் நகரத்தை அடுத்த சிற்றூர் அது. பெரிய படிப்பு இல்லை. லத்தீன் மொழி தெரியாது.

லத்தீன் தெரியாவிட்டால் என்ன என்று கேட்கலாம். அக்காலத்தில் அதுதான் எல்லாம். வைத்திய நூல்கள் லத்தீனில் இருந்தன. லத்தீன் படித்தவர்தான் டாக்டர். அவர் நாடி பார்ப்பார், மருந்து சொல்வார், ரத்தத்தில் கை வைக்கமாட்டார். கட்டியைக் கீறுவதும், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதும், கெட்ட ரத்தம் என்று சொல்லி ரத்தம் இறக்குவதும் சவரக் கத்தி பிடிக்கும் நாவிதரின் வேலை. நம் ஊர்களிலும் நாவிதர்கள் ரண வைத்தியம் செய்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். பாரீசிலும் ஏறத்தாழ அதே கதைதான்.

பாரே பாரீஸ் நகரத்துக்கு வந்தார். ஓத்தெல்-தியூ என்ற பெரிய தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சில ஆண்டுகள் அங்கே வேலை செய்தார். அவருக்குக் கல்லூரி என்று ஏதாவது இருந்தது என்றால் அதுதான். புத்தகத்தில் படிக்க வேண்டியதை அவர் நோயாளியின் உடம்பில் படித்தார்.

பிறகு பட்டாளத்தோடு போனார்.

எண்ணெய் தீர்ந்தது

அது துப்பாக்கி புதிதாகப் பரவிய காலம். வாளால் வெட்டினால் காயம் சுத்தமாக இருக்கும். குண்டு பாய்ந்தால் சதை கிழியும், எலும்பு நொறுங்கும், துணியும் மண்ணும் உள்ளே போகும். வெடிமருந்தில் விஷம் இருக்கிறது என்று வைத்தியர்கள் நம்பினார்கள். அந்த விஷத்தை முறிக்க, குண்டுக் காயத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள்.

1536, 1537-ம் ஆண்டுகளில் இத்தாலியில் டூரின் நகரத்தைப் பிடிக்கப் பிரஞ்சுப் படை போனது. பாரேக்கு அதுதான் முதல் போர். காயம் பட்டவர்கள் குவிந்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. பாரே முட்டையின் மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்து மிச்சம் உள்ளவர்களுக்குத் தடவினார்.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் இல்லை. எண்ணெய் ஊற்றாதவர்கள் எல்லாம் விஷம் ஏறிச் செத்துக் கிடப்பார்களோ என்று பயம். பொழுது விடியுமுன் எழுந்து ஓடினார். பார்த்தால், கதை தலைகீழாக இருந்தது. மருந்து தடவியவர்கள் அதிக வலி இல்லாமல் தூங்கியிருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலில் கிடந்தார்கள். காயம் வீங்கியிருந்தது. வலி தாங்காமல் துடித்தார்கள்.

இனி யாரையும் இப்படிச் சுடுவதில்லை என்று பாரே முடிவு கட்டினார். எந்தப் பெரியவரின் நூலும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. காயம் பட்டவன் தூங்கினானா, முனகினானா என்று பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

1545-ம் ஆண்டில் குண்டுக் காயம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். லத்தீனில் அல்ல, தாய்மொழியான பிரஞ்சில். அவருக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் லத்தீன் தெரியாத மற்ற நாவித வைத்தியர்களும் அதைப் படிக்க முடிந்தது.

நூல் காத்த உயிர்

காலை வெட்டி எடுத்தால் ரத்தம் பீறிடும். அதை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து வெட்டிய இடத்தைத் தீய்ப்பார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். வெட்டும் வலியைத் தாங்கியவன் சுடும் வலியில் செத்துப்போவதும் உண்டு.

1552-ம் ஆண்டில் தான்வில்லே என்ற கோட்டை முற்றுகையின்போது ஒரு வீரருக்குக் காலில் பீரங்கிக் குண்டு பட்டது. காலை எடுக்க வேண்டிய நிலை. பாரே காலை எடுத்தார். இரும்பைக் காய்ச்சவில்லை. ரத்தக் குழாய்களின் முனையைப் பிடித்து இழுத்து, நூலால் கட்டினார். ரத்தம் நின்றது. அந்த வீரர் பிழைத்தார். கட்டைக்கால் மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். சூடு படாமல் தப்பியதே பெரிய லாபம் என்று அவர் மகிழ்ந்ததாகப் பாரே எழுதியிருக்கிறார்.

ரத்தக் குழாயை நூலால் கட்டுவது பாரே கண்டுபிடித்தது அல்ல. பழைய நூல்களில் இருந்தது. கை கால் எடுக்கும்போது அதைத் துணிந்து செய்தார் என்பதே அவர் பெருமை.

இதனால் ஒரு புதிய கஷ்டம் உண்டாயிற்று. முன்பு காலை வெட்டினால் ஆள் பெரும்பாலும் போய்விடுவான். இப்போது பிழைத்துக்கொண்டான். பிழைத்தவன் நடக்க வேண்டாமா? சம்பாதிக்க வேண்டாமா? குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டாமா?

இல்லாத கால்

பிழைத்தவர்கள்தான் அந்த விசித்திரமான செய்தியைச் சொன்னார்கள். கால் போய்ப் பல மாதம் ஆகியிருக்கும். புண் ஆறியிருக்கும். ஆனால் போன காலில் வலி என்று அழுவார்கள். அனுபவிக்காதவர்களுக்கு இது நம்ப முடியாத விஷயமாகத் தோன்றும் என்பதைப் பாரேயே குறிப்பிட்டிருக்கிறார். நம்பாதவர்களைத் திட்டவில்லை. வலி என்று சொன்னவர்களையும் பொய்யர் என்று சொல்லவில்லை.

இதில் உயிர் பிரச்சினையும் இருந்தது. கால் அழுகிப்போன ஒருவன், தன் பாதத்தில் வலி தெரிகிறது என்பான். வலி தெரிந்தால் கால் உயிரோடு இருக்கிறது என்று நினைத்து, ரண வைத்தியர் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார். அதற்குள் அழுகல் மேலே ஏறிவிடும். செத்த பாதமும் வலிப்பது போலத் தோன்றும், ஏமாந்துவிடாதீர்கள் என்று பாரே எச்சரித்தார்.

உடம்பில் ஓர் உறுப்பு போனாலும், அந்த உறுப்பின் உருவம் மனதை விட்டுப் போவதில்லை. 300 ஆண்டுகளுக்குப் பிறகு, 1871-ம் ஆண்டில், அமெரிக்க டாக்டர் வேர் மிச்சல் இதற்கு ஆவி உறுப்பு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களைப் பார்த்தவர் அவர். அதன் பிறகு 1990-களில், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் அமெரிக்காவில் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து இதற்கு வைத்தியம் செய்து பார்த்தார். நல்ல கை கண்ணாடியில் தெரியும். போன கை இருந்த இடத்தில் அது இருப்பது போலத் தோன்றும். நல்ல கையை விரித்தால், போன கையும் விரிவது போல மனது நம்பும். இறுகிக் கிடந்த இல்லாத விரல்கள் விரிந்ததாகச் சிலர் சொன்னார்கள். சிலருக்கு வலி குறைந்தது.

பாரேக்குக் கண்ணாடி வித்தை தெரியாது. ஆனால் நோயாளி சொல்வதே முதல் சாட்சி என்பது தெரிந்திருந்தது.

வெட்ட வேண்டாம்

ஒரு போர்வீரர் பாரேயிடம் வந்தார். மணிக்கட்டில் வெட்டுக்காயம் பட்டு, கட்டைவிரலைத் தூக்கும் நரம்பு அறுந்துவிட்டது. விரல் இருக்கிறது, உயிர் இருக்கிறது, ஆனால் தூக்க முடியவில்லை. உள்ளங்கைக்குள் மடிந்து கிடந்தது. வாளைப் பிடிக்கப் போனால் குறுக்கே வந்தது. இந்த விரலை வெட்டி எறியுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

பாரே வெட்டவில்லை. தகரத்தில் ஒரு சிறிய கூடு செய்வித்தார். கட்டைவிரலை அந்தக் கூட்டுக்குள் நுழைத்தார். மணிக்கட்டில் ஒரு வளையம். கூட்டையும் வளையத்தையும் இரண்டு கயிறுகளால் இணைத்தார். விரல் நிமிர்ந்து நின்றது. அவர் வாளைப் பிடித்தார், ஈட்டியைப் பிடித்தார்.

இது செயற்கை விரல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். உயிருள்ள விரலுக்கு வெளியே மாட்டிய எலும்பு. நண்டுக்கும் வண்டுக்கும் எலும்பு உடம்புக்கு வெளியே ஓடாக இருக்கிறது அல்லவா? அதைப் போல. இன்று கால் விளங்காதவர்கள் அணியும் எந்திரச் சட்டமும் அதே ஜாதிதான். தகரத் துண்டும் இரண்டு கயிறும் அதற்கு முப்பாட்டன் முறை.

குதிரை உதைத்தது

1561-ம் ஆண்டில் பாரேக்கே ஆபத்து வந்தது. ஒரு நோயாளியைப் பார்க்கப் புறப்பட்டார். சேன் நதியைக் கடக்கக் குதிரையைப் படகில் ஏற்ற வேண்டும். சிறு பிரம்பால் ஒரு தட்டு தட்டினார். குதிரை உதைத்தது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. எலும்பு முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

இப்படி எலும்பு வெளியே வந்தால் காலை எடுப்பதுதான் அக்கால வழக்கம். எத்தனையோ பேருக்குக் கால் எடுத்தவர், இப்போது தன் காலைப் பார்த்தார். கூட இருந்த ரண வைத்தியரிடம், என்னை நண்பன் என்று எண்ணித் தயங்காதே என்று கேட்டுக்கொண்டார். பாதத்தைப் பிடித்து இழுத்து, எலும்பைச் சேர்க்கச் சொன்னார். புண்ணைப் பெரிதாக்கி, எலும்புச் சிதறலை எடுக்கச் சொன்னார்.

கால் பிழைத்தது. நொண்டாமல் நடந்தார்.

படுக்கையில் கிடந்த நாட்களில் அவர் ஒன்றைக் கண்டார். தூக்கத்தில் கால் தசை தானாக வெட்டி இழுத்தது. சேர்த்து வைத்த எலும்பு விலகிவிட்டது. மறுபடி சேர்க்க வேண்டியதாயிற்று. கால் தன்னுடையதுதான், ஆனால் தன்னைக் கேட்காமல் அசைகிறது! வெளியே எத்தனை கட்டுப் போட்டாலும், உள்ளே இருக்கும் உடம்பு தன் இஷ்டத்துக்கு இழுக்கும். தச்சன் மேஜைக்குக் கால் வைப்பது போல மனிதனுக்குக் கால் வைக்க முடியாது. இதை அவர் தன் உடம்பிலேயே தெரிந்துகொண்டார்.

சின்ன லொரேன்காரர்

1564-ம் ஆண்டில் பாரேயின் பத்து நூல்கள் கொண்ட ரண சிகிச்சைத் தொகுதி வெளிவந்தது. கருவிகளின் படங்கள் அதில் நிறைய உண்டு. அவர் வெளியிட்ட படங்களில்தான் அந்த இரும்புக் கை இருக்கிறது.

கையை உண்டாக்கியவர் பாரே அல்ல. பாரீசில் பூட்டுச் செய்யும் கொல்லர் ஒருவர் இருந்தார். சின்ன லொரேன்காரர் என்பது அவருடைய பட்டப்பெயர். லொரேன் என்பது ஒரு பிரதேசத்தின் பெயர். நல்ல மூளைக்காரர் என்று பாரே அவரைப் பாராட்டியிருக்கிறார். படங்கள் அவரிடமிருந்து கிடைத்தவை என்பதையும் மறைக்கவில்லை. ராஜாவின் வைத்தியர் ஒரு கொல்லனின் பெயரைத் தன் புத்தகத்தில் போட்டது அக்காலத்தில் சாதாரண விஷயம் அல்ல.

அந்தக் கை எப்படி வேலை செய்தது? பூட்டு வேலை செய்யும் மாதிரிதான். நான்கு விரலுக்கும் அடியில் ஆளுக்கு ஒரு பல்சக்கரம். நான்கு சக்கரத்துக்கும் நடுவே ஓர் இரும்புக் கம்பி. அதைச் சுற்றி விரல்கள் மடங்கும். மடக்கிய விரலைச் சின்னக் கொக்கி ஒன்று பிடித்துக்கொள்ளும். நான்கு சின்னக் கொக்கிகளுக்கும் சேர்த்து ஒரு பெரிய கொக்கி. அதற்குத் தாய்க் கொக்கி என்றே பெயர். ஒரு பொத்தானை அழுத்தினால் தாய் அசையும், குட்டிகள் விடும், ஸ்பிரிங் விரல்களை விரித்துவிடும்.

பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இதை மாட்டிக்கொண்டவனின் நிலையை யோசிக்க வேண்டும். இரும்பு விரல் தானாக மூடாது. நல்ல கையால் மடக்க வேண்டும். விட வேண்டும் என்றால் நல்ல கையால் பொத்தானை அழுத்த வேண்டும். பிடித்த பொருள் சூடா குளிரா, நழுவுகிறதா நிற்கிறதா என்று கைக்குத் தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். எந்நேரமும் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் கை அது.

ஆனாலும் பிடித்ததை விடாத கை சண்டைக்காரனுக்கு உதவும். ஜெர்மனியில் கெட்ஸ் என்ற பிரபு 1504-ம் ஆண்டில் கையை இழந்தார். இரும்புக் கை மாட்டிக்கொண்டு பல ஆண்டுகள் போர் செய்தார். அந்தக் கை அவருடைய யாக்ஸ்ட்ஹவுசன் கோட்டையில் வைத்துக் காக்கப்பட்டது. பிரான்சில் லா நூ என்ற தளபதி 1570-ம் ஆண்டில் இடது கையை இழந்தார். இரும்புக் கையால் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தார். வலது கையில் வாள். இரும்புக்கையர் என்றே அவரை ஊர் அழைத்தது.

பாரே காட்டிய இரும்புக் காலும் இதைவிடக் குறைந்ததல்ல. முழங்காலில் பூட்டு இருந்தது. நிற்கும்போது பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் தொடைப் பக்கம் உள்ள வாரை இழுக்க வேண்டும், பூட்டு விடும், கால் மடங்கும். தொடை நுழையும் இடத்தில் திருகாணிகள் வைத்திருந்தார்கள். தொடை பருத்தவருக்கு அகலப்படுத்தலாம். மெலிந்தவருக்கு இறுக்கலாம். இரும்புக் காலைவிட இந்தத் திருகாணிகள் பெரிய யோசனை. மனிதனை எந்திரத்துக்கு ஏற்றபடி வெட்ட முடியாது. எந்திரம்தான் மனிதனுக்கு இடம் கொடுக்க வேண்டும்.

ஏழையின் கட்டைக்கால்

இத்தனை பூட்டும் ஸ்பிரிங்கும் யாருக்குக் கட்டும்? பிரபுவுக்குக் கட்டும். கூலிக்காரனுக்கு?

பாரே அதே புத்தகத்தில் இன்னொரு படம் போட்டார். ஏழைகளுக்கான மரக்கால் என்று அதற்குப் பெயர் கொடுத்தார். ஒரு கட்டை. மேலே ஒரு மெத்தை. மடக்கிய முழங்காலை அந்த மெத்தையில் ஊன்ற வேண்டும். தொடையோரம் ஒரு பட்டை. வாரும் வளையமும் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். எந்தத் தச்சனும் செய்துவிடலாம்.

தினமும் நடந்து பிழைக்கும் ஒருவனுக்கு, பிரபுவின் இரும்புக் காலைவிட இந்தக் கட்டை உபயோகமாக இருந்திருக்கும். கனம் குறைவு. பழுதாக ஒன்றும் இல்லை. பாரம் வெட்டுண்ட முனையில் விழாமல் முழங்காலில் விழுகிறது.

முதுகு வளைந்த பிள்ளைகளையும் அவர் கவனித்தார். அவர்களுக்கு இரும்புத் தகட்டில் சட்டை செய்யச் சொன்னார். போர்க் கவசம் அடிக்கும் கொல்லரிடம் அந்த வேலையைக் கொடுக்கலாம். கனம் குறையத் தகடு முழுவதும் துளை போட வேண்டும். உடம்பில் உறுத்தாமல் உள்ளே மெத்தை வைக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார். பிள்ளை வளரும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முன்னே பின்னே, சட்டையை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நன்மைக்குப் பதில் தீமை வந்து சேரும். குழந்தைக்குத் தைத்த சட்டை அடுத்த தீபாவளிக்குப் பற்றாது என்பது தாய்மாருக்குத் தெரியும். இரும்புச் சட்டைக்கும் அதுவே சட்டம்.

மரக் கிண்ணம்

பாரே எழுதிய கதைகளில் இது விசேஷமானது. பூர்ஜ் நகரத்துக்குச் சில காத தூரத்தில் ஒரு கிராமம். அங்கே ஒருவனுக்கு நாக்கில் ஒரு துண்டு வெட்டுப்பட்டுப் போயிற்று. சுமார் மூன்று ஆண்டுகள் அவனால் பேச முடியவில்லை. ஒரு நாள் அறுவடை வயலில் மரக் கிண்ணத்தில் தண்ணீர் குடித்தான். கிண்ணம் பல்லில் இருக்கும்போது யாரோ விலாவில் கிச்சுக்கிச்சு மூட்டினார்கள். அவன் வாயிலிருந்து வார்த்தை வந்தது!

அவன் திடுக்கிட்டான். மறுபடி கிண்ணத்தைப் பல்லில் வைத்தான். மறுபடி பேச்சு வந்தது. பிறகு அதே மாதிரி சிறிய மரத்துண்டு ஒன்றைச் செய்து, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டான். பேச வேண்டும் என்றால் வாயில் வைத்துக்கொள்வான்.

வைத்தியர் கொடுத்த கருவி அல்ல இது. உடம்பே தனக்கு வேண்டியதைக் கண்டுபிடித்துக்கொண்டது. பாரே அந்தக் கருவியையும் படம் போட்டுப் புத்தகத்தில் சேர்த்தார்.

மோட்டார் வைத்த கால்

2014-ம் ஆண்டில் ரீவாக் என்ற நடை எந்திரத்தை வீட்டிலேயே அணிய அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர்களுக்கானது அது. உடம்பை முன்னால் சாய்த்தால் எந்திரம் அதை அறிந்து கால் எடுத்து வைக்கும். கையில் ஊன்றுகோல் வேண்டும். இதைக் கண்டுபிடித்த அமித் கோஃபர் என்ற இஸ்ரேல் எஞ்சினீயர் 1997-ம் ஆண்டில் நடந்த விபத்தில் கையும் காலும் விளங்காமல் போனவர். ஊன்றுகோலைப் பிடிக்கக் கை இல்லாததால், தன் எந்திரத்தை அவரே அணிய முடியவில்லை! ஜப்பானில் பேராசிரியர் சாங்காய் செய்த எந்திரம் வேறு வகை. நடக்க வேண்டும் என்று நினைத்தவுடன் தோலில் உண்டாகும் மெல்லிய மின்சாரத்தைப் பிடித்து, அதன்படி அசைகிறது.

இவர்களுக்கு வரும் கஷ்டங்களைப் பட்டியல் போட்டால் பாரேயின் புத்தகத்தைப் புரட்டுவது போல இருக்கும். எந்திரத்தின் முட்டு மனித முட்டுக்கு நேராக இல்லாவிட்டால் வார் தோலை அராவும். உணர்ச்சி இல்லாத காலில் புண் வந்தால் ஆளுக்கே தெரியாது. ஆகவே ஒவ்வொரு முறை கழற்றியதும் தோலைத் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். எந்திரம் ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் உடம்பு அதை எதிர்த்து இழுக்கும். புதிதாக அணிந்தவர் கீழே பார்த்தபடியே நடப்பார். பழகப் பழகத்தான் தலை நிமிரும்.

மனது ஒத்துக்கொள்ளும் விதமும் வேடிக்கையானது. 1998-ம் ஆண்டில் இரண்டு விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். ஆளின் உண்மைக் கையைத் திரைக்குப் பின்னால் மறைத்தார்கள். கண் எதிரே ஒரு ரப்பர் கையை வைத்தார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினார்கள். சிறிது நேரத்தில் ரப்பர் கை தன்னுடையது போல ஆளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. இல்லாத கையை இருப்பதாகச் சொல்லும் மனது, ரப்பர் கையையும் தன் கை என்று சொல்கிறது. ஆனால் வருடும் நேரம் ஒத்திருக்க வேண்டும். தவறினால் உறவு அறுந்துவிடும்.

லத்தீன் சண்டை

பாரேயின் புகழ் ஏறியது. 1552-ம் ஆண்டில் இரண்டாம் ஹென்றி ராஜாவின் ரண வைத்தியர்களில் ஒருவரானார். 1559-ம் ஆண்டில் ஒரு விளையாட்டுப் போட்டியில் ஈட்டிச் சிலாம்பு பாய்ந்து அந்த ராஜா இறந்தார். பாரேயாலும் காப்பாற்ற முடியவில்லை. அடுத்து வந்த மூன்று ராஜாக்களும் அவரை விடவில்லை.

லத்தீன் படித்த டாக்டர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1575-ம் ஆண்டில் பாரேயின் எல்லா நூல்களும் ஒரே பெரிய புத்தகமாக வந்தபோது, பாரீஸ் வைத்தியப் பள்ளி தடுக்கப் பார்த்தது. நாவிதன் எழுதலாமா, அதுவும் பிரஞ்சில் எழுதலாமா என்பது உள்ளே இருந்த வயிற்றெரிச்சல். புத்தகம் வந்தேவிட்டது. 1582-ம் ஆண்டில் அது லத்தீனிலும் வந்தது! பள்ளியைச் சேர்ந்த கூர்மெலான் என்பவர், நூலால் கட்டும் முறையைத் தாக்கி எழுதினார். 1585-ம் ஆண்டில், 75 வயதில், பாரே தன் போர்க்கள அனுபவத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பதில் எழுதினார்.

பாரே எழுதியதெல்லாம் சரி என்று எண்ண வேண்டாம். விசித்திரப் பிறவிகள் பற்றி ஒரு நூல் எழுதினார். கர்ப்பிணியின் மனதில் தோன்றும் உருவம் குழந்தையில் பதியும் என்று அதில் நம்பி எழுதியிருக்கிறார். கண்ணால் பார்த்ததை எழுதும்போது அவர் பெரியவர். காதால் கேட்டதை எழுதும்போது அக்காலத்து மனிதர்.

பஞ்ச காலம்

1590-ம் ஆண்டில் பாரீஸ் நகரம் முற்றுகையில் சிக்கியது. மதச் சண்டையும் ராஜ்யச் சண்டையும் கலந்த போர். மக்கள் பட்டினியால் செத்தார்கள். பாரேக்கு அப்போது 80 வயது. ஒரு நாள் சான் மிஷேல் பாலத்தருகே லியோன் ஆர்ச்பிஷப் வந்தபோது, கிழவர் அவரை நிறுத்தினார். இந்த ஜனங்கள் ரொட்டி கேட்டுச் சாகிறார்கள், சமாதானம் செய்யுங்கள் என்று தெருவில் நின்று மன்றாடினார். ஆர்ச்பிஷப் திகைத்துப்போனதாக அக்காலத்து நாட்குறிப்பு ஒன்று கூறுகிறது.

அந்த ஆண்டு டிசம்பர் 20-ம் தேதி பாரே இறந்தார். பாரீசில் சான் ஆந்திரே தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தத் தேவாலயம் பிற்காலத்தில் இடிக்கப்பட்டுவிட்டது. 1840-ம் ஆண்டில் லவால் நகரத்தார் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

பூட்டுக் கொல்லருக்குச் சிலை வைக்கவில்லை. சின்ன லொரேன்காரர் என்ற பட்டப்பெயர், பாரேயின் புத்தகத்தில் இரும்புக் கைப் படத்தோடு சேர்ந்து இருக்கிறது.